கோப்பை வந்த ஒரு மணி நேரம்

தம்பி நாயின் வயிற்றுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து மூன்றாவது தடவையாகத் தூக்கினான். நாலு கால்களும் மேஜைக் கால்களைப் போல விறைத்து நிற்க, அதை அப்படியே சுமந்துபோய்ப் பின்வாசலில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு எதிரே இறக்கினான். சாம்பல் என்ற அந்த நாய் தண்ணீரைப் பார்க்கவில்லை. திரும்பி, யாரையும் இடிக்காமல், அவசரமும் படாமல் உள்ளே நடந்து வந்தது. கறுப்பு ரப்பர் விரிப்பில் ஏறி முன்னங்கால்களை நேராக வைத்தது. பின்னங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி ஊன்றியது. கழுத்தை நிமிர்த்தியது. பிறகு ஜன்னலோரம் கிடந்த காலி நாற்காலியின் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, எதுவுமே இல்லாத இடத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

"என்னால ஆகாதுக்கா," என்று தம்பி சுவரில் சாய்ந்தான். சட்டை முழுக்க நாய்முடி. "ஒவ்வொரு தடவையும் எடை கூடுற மாதிரி இருக்கு."

அக்கா அறைக்குள் காலெடுத்து வைக்க மனமில்லாமல் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தாள். ஒன்பது வயதிலிருந்து அப்படித்தான். வீட்டில் மற்ற எல்லா அறைகளும் எல்லோருக்கும் சொந்தம். இது மட்டும் அப்பாவுக்கும் நாய்களுக்கும்.

அந்த அறையில்தான், அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அப்பா காலை ஆறரை மணிக்கு இறந்துபோனார். நாய்க் கண்காட்சிகளில் நடுவர் முன்னால் நாயைப் பிடித்து நிறுத்தி, ஓட்டிக் காட்டுவதுதான் அவர் பிழைப்பு. தன் நாயோ பிறத்தியார் நாயோ, தினமும் விடிந்ததும் அதை விரிப்பில் நிறுத்தி, 'நில்' என்று ஒரே ஒரு தடவை சொல்வார். உலர்த்திய ஈரல் துண்டொன்றை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவார். அவராக 'போதும்' என்று சொல்லும்வரை நாய் கண் இமைக்கலாம், மூச்சு விடலாம். அதற்கு மேல் எதுவும் கூடாது. இன்றைக்கு 'நில்' சொல்லியிருக்கிறார். 'போதும்' சொல்வதற்குள் போய்விட்டார்.

டீயோடு வந்த அம்மா, மாத்திரை போடாததற்காக ஐந்து நிமிடம் அவரைத் திட்டியிருக்கிறாள். "பதிலே பேசாம உக்காந்திருந்தாரு. அதுல புதுசா என்ன இருக்கு? அதான் நானும் கவனிக்கல," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பது போலத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மருத்துவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உடலைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டி நாலு மணிக்கு வரும். இப்போது மணி மூன்று.

எஜமானைக் காணோமென்று ஒரு நாய் ஊளையிட்டால் யாருக்கும் புரியும். இது உடலை எடுத்துப்போனபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி நாற்காலியை மூலைக்குத் தள்ளிப் பார்த்தான். பார்வை நாற்காலியோடு போகவில்லை. அப்பாவின் கை இருந்த இடத்தில், அதே உயரத்தில், அசையாமல் நின்றது. தம்பி நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டான். 'போதும்' என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். தம்பி அப்பாவின் குரலிலேயே சொல்லிப் பார்த்தான். அவனுக்கு அது நன்றாக வரும். நாயின் காதுகூட ஆடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நாய் மருத்துவர் போனிலேயே கையை விரித்துவிட்டார். "வயசான நாய், இதயம் வேற சரியில்ல. இந்த வெக்கையில இப்படியே நின்னா நின்ன இடத்துலயே விழுந்துரும். ஊசி போட்டுப் படுக்க வைக்கலாம். ஆனா எழுந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

சாம்பலின் முதுகுத் தோல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நாக்கு உலர்ந்து நிறம் மாறியிருந்தது. அப்படியும் நாய் ஒரு காலைக்கூட இடம் மாற்றவில்லை.

"அக்கா, நீ கூப்பிடேன்," என்றான் தம்பி. "நீ கூப்பிட்டா எந்த நாயும் வரும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க ஆட்களை நிறுத்தி வைத்து, "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க," என்பாள். படம் விழுந்ததும் "விடலாம்" என்பாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே உத்தியோகம் என்று அம்மா கேலி பேசுவதுண்டு. அதைக் கேட்டு அப்பாவும் சிரித்ததில்லை, மகளும் சிரித்ததில்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், பெரிய கோப்பையின் கடைசிச் சுற்றில், இரண்டே நாய்கள் மிச்சமிருந்தன. ஒன்று அப்பா பிடித்திருந்த பஞ்சு. வெள்ளை வெளேரென்று இருக்கும். பகலில் அப்பாவின் மாணவி, மற்ற நேரமெல்லாம் இவளுடைய தலையணை. மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. நடுவர் இரண்டு நாய்களையும் தடவிப் பார்த்து முடித்துவிட்டு, பஞ்சுவுக்கு எதிரே வந்து நின்று கையை மெல்ல உயர்த்தினார். அந்தக் கை யாரைச் சுட்டுகிறதோ அவருக்குத்தான் கோப்பை. பாதி உயர்ந்த கையைப் பார்த்ததும் ஒன்பது வயதுக்காரிக்கு பஞ்சு ஜெயித்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, "பஞ்சு, வா!" என்று கூப்பிட்டாள். பஞ்சு வந்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு, கயிற்றுக்கடியில் நுழைந்து, அவள் மடிக்கே வந்துவிட்டது. பாதி உயர்ந்த கை பக்கவாட்டில் திரும்பி மற்ற நாயைச் சுட்டியது.

அப்பா நடந்து வந்து நாயின் வார்ப்பட்டையை எடுத்துக்கொண்டார். "போலாம்," என்றார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

மறுநாளிலிருந்து புதிய பயிற்சி. நாயை நிறுத்திவிட்டு வீட்டிலிருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்வார். அம்மா கூப்பிட வேண்டும், தம்பி கூப்பிட வேண்டும், பால்காரர் கூப்பிட வேண்டும். தட்டைத் தட்ட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். யார் என்ன செய்தாலும் நாய் நகரக் கூடாது. அவளை மட்டும் கூப்பிடச் சொன்னதே இல்லை. அவள் வாசற்படியில் வந்து நின்றால் பயிற்சியை நிறுத்திவிடுவார். அதனால் அவள் நிற்பதையே விட்டுவிட்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவரை எல்லோரும் கோப்பைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு மற்ற நாயைப் பிடித்திருந்தவர் அவர்தான். இப்போது எழுபத்தைந்து வயது. இருபது வருடம் நடுவராக இருந்துவிட்டு, நாய்க் கண்காட்சிச் சங்கத்தின் தலைவராகக் கோப்பையைக் காவல் காக்கிறார். கையில் வெள்ளை உறை போட்டிருந்தார். மரப்பெட்டியொன்றை, தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தார்.

கூடத்தில் அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றுவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "கடைசிச் சுத்து வரைக்கும் போனவரு தவறிட்டா, கோப்பை ஒரு மணி நேரம் அவர் வீட்டுல இருக்கணும். ஆரம்பத்துலேர்ந்து சங்கத்து வழக்கம். தலைமாட்டுல வைக்கட்டுமா தங்கச்சி?"

"தலைமாடா?" என்றாள் அம்மா. "அவரு கூடத்துல உக்காந்து நான் பாத்ததே இல்லண்ணா. உள்ள அவரு அறையிலயே வைங்க. அங்க இருந்தாத்தான் அவருக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது போலிருந்தது. ஆனால் திருத்தவில்லை.

விரிப்புக்கு இடப்பக்கமிருந்த சின்ன மேஜையில் கோப்பைக்காரர் பெட்டியைத் திறந்தார். பார்ப்பதற்கு அப்படியொன்றும் பிரமாதமில்லை. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மரக்கிடங்கில் ஒன்பது நாய்களை வைத்து முதல் போட்டி நடந்தபோது, பரிசு வாங்க யாருக்கும் ஞாபகமில்லை. கிடங்கு முதலாளி வீட்டுக்கு ஆளனுப்பி, தண்ணீர் ஊற்றும் வெள்ளிக் கூஜாவை எடுத்துவரச் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். பிற்பாடு கூஜாவின் மூக்கை வெட்டி அடைத்துக் கோப்பையாக்கினார்கள். அந்தத் தழும்பு இன்னும் தெரியும். கோப்பையோடு பரிசுப் பணமாக ஒரு காசும் கிடையாது. வென்ற நாயின் பெயரை அடிப்பீடத்தில் ஒரு வெள்ளித் தகட்டில் பொறிப்பார்கள். பிடித்தவர் பெயருக்கு இடமே இல்லை. அந்தத் தகட்டுக்காக வீடு வாசலை மறந்தவர்கள் உண்டு. பிரசவித்த ஏழாம் நாள் எழுந்து வந்து நாயோடு ஓடியவள் ஒருத்தி உண்டு. தகுதியான நாய் இல்லை என்று ஒரு நடுவர் கையை உயர்த்தாமலே வெளியேறிய வருடத்தின் தகடு இன்றைக்கும் மொட்டையாக இருக்கிறது.

"எங்க கை படாம இருக்கத்தான் இந்த உறை," என்றார் கோப்பைக்காரர், துணியால் ஒரு தடவை வெள்ளியைத் துடைத்தபடி. "ஜெயிச்சவன் மட்டும் வாங்குற அந்த ஒரு தடவை வெறுங்கையால தொடலாம். நான் தொட்டிருக்கேன்." மகள் பக்கம் திரும்பினார். "அந்த வருஷம் அது உங்கப்பா தொட வேண்டியதும்மா. நடுவர் கை எந்தப் பக்கம் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். துடைத்த வெள்ளியில் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது, கம்பி கம்பியாக.

அப்போதுதான் அவர் நாயைக் கவனித்தார். "எவ்வளவு நேரமா நிக்குது?"

"காலையிலேர்ந்து," என்றான் தம்பி. "அக்காவைக் கூப்பிடச் சொல்றேன், மாட்டேங்குறா."

"நான் கூப்பிட்டா வராதுடா." அவள் குரல் அவளுக்கே கரகரவென்று கேட்டது. "யார் கூப்பிட்டாலும் நகரக் கூடாதுன்னு முப்பது வருஷமா எதுக்குப் பழக்கினாரு? எனக்காகத்தானே."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பைத்தியமாடி நீ? உன்னைக் கூப்பிடச் சொல்லி அவர் ஒரு நாளாவது பழக்கியிருக்காரா? நானே கேட்டேன், இவளையும் கூப்பிடச் சொல்லுங்களேன், அவளுக்கும் மனசு ஆறும்னு. 'அவ கூப்பிட்டா போகட்டும். போகாம இருக்க நான் பழக்க மாட்டேன்'னுட்டாரு. எந்த நாய்க்கும் பழக்கல. இந்த வீட்டுல வளந்த எந்த நாயும் நீ வான்னா வந்திருக்கும்."

"இதை ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். அவரு சொல்லியிருப்பாருன்னு."

முப்பத்தொரு வருடமாகத் தனக்கு மூடியிருந்ததாக அவள் நினைத்த கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது? கூடத்தில் கண்மூடிக் கிடக்கிறவரையா? ஒன்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாக அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தாள்.

நாற்காலி முனகியது.

பழைய பிரம்பு. உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் நீளமாக ஒரு தடவை முனகும். பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சத்தம். நாற்காலிக்கு அருகில் யாரும் இல்லை. எட்டு மணி நேரத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் குத்திட்டிருந்த சாம்பலின் பார்வை மெல்ல மேலே ஏறியது. உட்கார்ந்திருப்பவரின் கையிலிருந்து, நின்றுகொண்டிருப்பவரின் கை இருக்கும் உயரத்துக்கு.

"கூப்பிடுக்கா," என்றான் தம்பி மெதுவாக.

அவள் வாயை மூடிக்கொண்டாள். சாம்பலின் காது ஒன்று வாசற்படிப் பக்கம் திரும்பியது, யாரோ உள்ளே வருவதைப் போல. கண் மட்டும் திரும்பவில்லை. பழகிய நாய் திருப்பாது. அதன் முகத்துக்கு எதிரே, தரையில் விழுந்திருந்த ஜன்னல் வெளிச்சம் லேசாக மங்கி நின்றது. பிறகு, யாரும் தொடாமல், நாயின் மேலுதடு ஒரு பக்கம் உயர்ந்தது. கடைவாய்ப்பல் வரை தெரிந்தது. உறுமல் இல்லை. உதடு இறங்கியது, மறுபக்கம் உயர்ந்தது.

"பல்லு," என்றார் கோப்பைக்காரர். தன்னையறியாமல் வந்த சொல். முகத்தில் ஈயாடவில்லை.

கழுத்து முடி ஒரு கை அகலத்துக்கு அமுங்கி எழுந்தது. "கழுத்து," என்றார் அவர். தோள்பட்டையில் தோல் சுருங்கி விரிந்தது. அந்த அசைவு முதுகெலும்பின் மேல் நிதானமாக, அவசரமில்லாமல், வால் வரைக்கும் போனது. "தோளு. முதுகு. இடுப்பு." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபது வருடம் ஆயிரக்கணக்கான நாய்களின் மேல் அவர் கை போன அதே வரிசை. சொல்லி முடித்ததும் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், அவை எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்பது போல.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "இழுத்துட்டுப் போயிரலாம்க்கா, பயமா இருக்கு."

"தொடாத." அவள் கையை நீட்டித் தடுத்தாள். "இன்னும் முடியல."

நாயின் கால்கள் வெடவெடவென்று ஆடின. வலது பின்னங்கால் மடிந்து மடிந்து நிமிர்ந்தது. ஒரு வார்த்தை போதும். 'வா' என்றால் வந்துவிடும். தண்ணீர் குடிக்கும். பிழைத்துவிடும். இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் கண்ணெதிரே விழுந்தும்விடலாம். இரண்டும் அவளுக்குத் தெரிந்தன. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இதே கட்டத்தில், ஒன்பது வயதில், ஒரு தடவை பேசியாயிற்று.

சாம்பலின் கண்கள் உயர்ந்தன. எதிரே நிற்கும் ஒரு நடுவரின் கை இடுப்பிலிருந்து எழும்பினால் எந்த வழியே எழும்புமோ, அந்த வழியே. பாதியில் நின்றன. மண்டபத்தில் அன்றைக்கிருந்த அதே மௌனம் இந்தச் சின்ன அறைக்குள் வந்து அடைந்தது. கூடத்தில் யாரோ இருமினார்கள். அதுகூடத் தூரத்து ஊரில் கேட்பது போலிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கண்கள் மிச்ச வழியையும் ஏறி முடித்தன. இந்தத் தடவை பக்கவாட்டில் திரும்பவில்லை. நேராகவே நின்றன.

நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாம்பல் நீளமாக ஒரு மூச்சு விட்டது. வால் தளர்ந்து தொங்கியது. அதன் பிறகுதான், காலையிலிருந்து முதல் தடவையாக, பார்வையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"போதும்," என்றாள். "வா."

இரண்டு எட்டில் வந்து அவள் மடியில் முன்னங்கால்களை மடக்கிச் சரிந்தது. கிண்ணத்தைத் தூக்கி வாயருகே பிடித்தாள். முதலில் நாக்கால் தொட்டுப் பார்த்தது, பிறகு சளப் சளப்பென்று குடிக்க ஆரம்பித்தது. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி போர்வையை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். வெளியே வண்டி வந்து பின்பக்கமாகத் திரும்பும் சத்தம் கேட்டது. சாம்பல் குடிப்பதை நிறுத்தித் தலையைத் தூக்கியது. நாற்காலியிலிருந்து கூடத்துக் கதவு வரைக்கும் மெல்லப் பார்வையை நகர்த்தியது, போகிறவர் போய் மறைகிற வரைக்கும். பிறகு மறுபடி தண்ணீருக்குக் குனிந்தது.

"நேரமாச்சு," என்றார் கோப்பைக்காரர். சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு கோப்பையை நோக்கிக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"யாராச்சும் இதைத் தொட்டீங்களா?"

"நாங்க எல்லாம் இங்கதானே இருக்கோம்," என்றான் தம்பி.

அவள் தரையிலிருந்தே பார்த்தாள். வெள்ளியில் முழுசாகத் தெரிந்த ஜன்னல் இப்போது நடுவில் கலங்கியிருந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஈர மங்கல், அதன் மேலே விரல்களைப் போல நாலு நீளக் கோடுகள்.

கோப்பைக்காரர் துணியை விரித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பெட்டியில் உரசாதபடி கோப்பையைத் திருப்பி வைத்து, மூடியைச் சாத்தினார். அறையில் நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.